பால்கனியில் சட்டமில்லாத கண்ணாடித் தடுப்பு: பாயின்ட் ஃபிக்ஸிங் பொருத்துவது எப்படி?

தூண் இல்லை, சட்டமும் இல்லை. பால்கனியின் வெளிப்பக்க விளிம்பில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பதித்த நாலு ஸ்டீல் ஸ்டட்டை (முனையில் திருகு மூடியுள்ள தண்டு) மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணாடி நிற்கும். இதுதான் பாயின்ட் ஃபிக்ஸிங். இந்த வேலையில் கண்ணாடியை ஆர்டர் செய்வது கடைசியில்தான். இதற்குப் போடும் டஃபண்ட் கிளாஸை (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலமாக்கிய கண்ணாடி) பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாது. முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும்.

முதலில் ஸ்டட் எங்கே வரும் என்று முடிவுசெய்யுங்கள். செங்கல் கட்டு வேண்டாம், கான்கிரீட் பீம்தான் சரி. கீழ் ஸ்டட்டிலிருந்து கண்ணாடியின் மேல் விளிம்பு 1200 மி.மீ. தூரம், இரண்டு வரிசைக்கும் இடையே 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் விளிம்பில் ஒருவர் சாய்ந்தால், அவர் தள்ளும் விசையைப் போல 8 மடங்கு மேல் வரிசையை வெளியே இழுக்கும். இடைவெளி 100 மி.மீ. என்றால் 12 மடங்கு! ஆகவே பீமின் ஆழம் அனுமதிக்கும்வரை வரிசைகளைத் தள்ளி வையுங்கள். ஸ்டட்டைக் கான்கிரீட்டில் பிடித்து நிறுத்தும் ஆங்கரின் அளவையும் கண்ணாடியின் தடிமனையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். குத்துமதிப்பாகப் போடுகிற விஷயமில்லை.

நூல் கட்டி, லெவல் பார்த்துக் குறித்த பிறகு ஹேமர் டிரில்லால் துளையிடுங்கள். ஆழத்தைப் பூச்சிலிருந்து அளக்காதீர்கள். 15 மி.மீ. பூச்சு இருந்தால் அது கணக்கில் சேராது, கான்கிரீட்டுக்குள் போகும் ஆழம்தான் கணக்கு. கம்பி இடித்தால் அதை வெட்ட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அப்புறம் துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதுங்கள். தூசி இருந்தால் கெமிக்கல் ஆங்கர் (ஸ்டட்டைத் துளைக்குள் ஒட்டும் பசை மருந்து) தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. மருந்தைத் துளையின் அடியிலிருந்து நிரப்பி, ஸ்டட்டைச் சுழற்றிக்கொண்டே செருகுங்கள். உறையில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை தொடக்கூடாது.

ஸ்டட் இறுகியதும் பிளைவுட்டில் ஒரு மாதிரி வெட்டி மாட்டிப் பாருங்கள். அந்தப் பிளைவுட்தான் கண்ணாடிப் பட்டறைக்குப் போக வேண்டும். துளையின் விட்டம் கண்ணாடித் தடிமனைவிடக் குறையக்கூடாது. தரையிலிருந்து மேல் விளிம்பு 1 மீட்டராவது இருக்கட்டும். பால்கனிக்கு லேமினேட் செய்த டஃபண்ட் கிளாஸே என் தேர்வு. ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் மணிமணியாகக் கொட்டி அந்த இடம் திறந்துவிடும். லேமினேட் என்றால் துண்டுகள் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாட்டுவதற்கு இரண்டு பேராவது வேண்டும். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. கண்ணாடி எந்த இடத்திலும் ஸ்டீலைத் தொடக்கூடாது: துளைக்குள் நைலான் புஷ் (குழாய் போன்ற உறை), இருபுறமும் ரப்பர் வாஷர். ஸ்டட்களின் நாலு மூடியையும் முதலில் கையால் திருகி, கண்ணாடியை நேராக்கிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இம்பாக்ட் டிரைவர் வேண்டவே வேண்டாம்.

கடலோரத்தில் வீடு என்றால் 304 கிரேடு அல்ல, 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் எந்த ஸ்டட்டிலும் படக்கூடாது. 316 ஆனாலும் அது அரித்துவிடும்.