ஃபிளை ஆஷ் கான்கிரீட்டின் கதிரியக்கத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஃபிளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் கிடைக்கும் நுண்சாம்பல், கலந்த கான்கிரீட்டில் கதிர்வீச்சு இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்கள் பெரும்பாலும் சாம்பலை மட்டும் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. வீட்டுக்குள் இருப்பவர் மேல் படுவது சுவர், கூரை முழுவதிலிருந்தும் வரும் காமா கதிர். வழக்கமான கலவையில் சாம்பல் எடையில் இருபதில் ஒரு பங்குதான். மீதியையும் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

அளக்க வேண்டியவை மூன்று: ரேடியம்-226, தோரியம்-232, பொட்டாசியம்-40. நிலக்கரி எரியும்போது கரி போய்விடுகிறது. யுரேனிய, தோரிய வரிசைத் தனிமங்களில் (ரேடியம் யுரேனியம் சிதைந்து வருவது) பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடுகிறது. 40% சாம்பல் தரும் நிலக்கரியில் செறிவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். 10% சாம்பல் தரும் நிலக்கரியில் பத்து மடங்கு. அதனால் ஒரே அனல்மின் நிலையத்தின் சாம்பல்கூட, நிலக்கரி மாறினால் மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு நெறிமுறை தரும் குறியீட்டை எளிதில் பயன்படுத்தலாம். மூன்று அளவுகளும் கிலோவுக்கு எத்தனை பெக்கெரல் (விநாடிக்கு ஒரு அணுச் சிதைவு) என்ற அலகில்:

குறியீடு = (ரேடியம் ÷ 300) + (தோரியம் ÷ 200) + (பொட்டாசியம் ÷ 3000)

விடை 1-ஐத் தாண்டாவிட்டால், கட்டுமானப் பொருளின் காமா கதிரால் வீட்டுக்குள் கூடுதலாகக் கிடைக்கும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) இருக்கும் என்று கொள்ளலாம். குறியீட்டைச் சுவராக நிற்கப்போகும் பொருளுக்குத்தான் போட வேண்டும், அதில் சேரும் மூலப்பொருளுக்குத் தனியாக அல்ல. பலரும் தவறுவது இங்கேதான்.

மாதிரி எடுப்பது

சாம்பல் கொண்டுவரும் பல்கர் (டேங்கர்) லாரியின் மேல்வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளுவது மாதிரி ஆகாது. இறக்கும்போது எட்டுப் பத்து முறை சிறிது சிறிதாகப் பிடித்துக் கலந்து, அதிலிருந்து 2 கிலோ எடுங்கள். சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி ஒவ்வொன்றுக்கும் இப்படியே. ஜல்லியைப் பொடித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். எல்லாவற்றையும் 105 டிகிரி செல்சியஸில், இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் கிலோ கணக்கு குறைத்துக் காட்டும்.

உலர்ந்த பொடியை டப்பாவில் அடைத்து, எடை குறித்து, காற்றுப் புகாதபடி மூடி, நான்கு வாரம் வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே கூடாது. ஆய்வகம் ரேடியத்தை வழக்கமாக அதன் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் கதிர்களைக் கொண்டே அளக்கிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான் என்ற கதிரியக்க வாயு பிறக்கும்; இரண்டும் அதற்குப் பின் வருபவை. ரேடானின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 3.8 நாள். டப்பா கசிந்தால், அல்லது ஒரே வாரத்தில் அளந்தால், ரேடியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கெட்ட பொருள் நல்லதாகிவிடும். சாதாரண ஒட்டு டேப்பை நம்பாதீர்கள், எபாக்ஸி பூசி அடையுங்கள்.

அளவீட்டுக்கு ஜெர்மேனியம் டிடெக்டர் உள்ள காமா நிறமாலை ஆய்வகம் வேண்டும். கையடக்க கைகர் கருவியைச் சுவரில் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. எந்தத் தனிமம், எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

கலவைக் கணக்கு

ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 260 கிலோ, ஃபிளை ஆஷ் 110, எம்-சாண்டும் ஜல்லியும் சேர்ந்து 1900 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைச் சேர்க்காமல் மொத்தம் 2270. தண்ணீரை விட்டுவிட்டால் விடை சற்றுக் கூடுதலாக வரும், பாதுகாப்புக்கு அதுவே நல்லது. ஆய்வக அளவுகள், ரேடியம், தோரியம், பொட்டாசியம் என்ற வரிசையில், இப்படி வந்ததாகக் கொள்வோம்: சிமெண்ட் 50, 25, 200, சாம்பல் 180, 100, 650, கிரானைட் குவாரியின் எம்-சாண்டும் ஜல்லியும் 60, 100, 1100.

ஒவ்வொன்றின் குறியீட்டையும் எடைப் பங்கால் பெருக்கினால் சிமெண்ட் 0.04, சாம்பல் 0.06, ஜல்லியும் மணலும் 0.89. கூட்டினால் கிட்டத்தட்ட 1.0, அதாவது எல்லையில் நிற்கிறது.

தனியாகப் பார்த்தால் சாம்பலின் குறியீடு 1.32. அதைப் பார்த்துப் பயந்து சாம்பலை அகற்றி முழுக்க சிமெண்ட் போட்டாலும் மொத்தம் 0.95-க்குத்தான் இறங்கும். ஆனால் 25, 30, 600 அளவுள்ள வேறு குவாரியின் கல்லுக்கு மாறினால், சாம்பல் அப்படியே இருக்க, மொத்தம் 0.47 ஆகிவிடும். கிரானைட் கல் அதிகம் புழங்கும் தமிழ்நாட்டில் முதலில் சோதிக்க வேண்டியது குவாரிதான் என்பது எங்கள் கருத்து.

ஃபிளை ஆஷ் செங்கல் விஷயம் வேறு. சாம்பல் 60%, எம்-சாண்ட் 30%, சிமெண்ட் 10% என்றால் இதே அளவுகளில் 1.15 வருகிறது. சிமெண்டுக்குப் பதில் சாம்பல் போன்றவற்றையே பிணைப்பாக்கும் ஜியோபாலிமர் கலவைக்கும் இதே கவனம் வேண்டும். 1-ஐத் தாண்டியது என்பதாலேயே தடை என்று பொருளில்லை. இந்தக் குறியீடு கனமான கான்கிரீட் அறையை மனத்தில் வைத்துப் போட்டது. சுவரின் தடிமன், அடர்த்தி, பயன்படும் இடம் ஆகியவற்றை வைத்து விரிவாகக் கணக்கிட வேண்டும் என்றே பொருள். மெல்லிய ஓடு, பலகை போன்றவை எடை குறைவு என்பதால் அறைக்குத் தரும் கதிரும் குறைவு.

பாஸ்போஜிப்சமும் ரேடானும்

கட்டுமானத்தில் சேரும் இன்னொரு ஆலைக்கழிவு பாஸ்போஜிப்சம்; பாஸ்பேட் பாறையிலிருந்து பாஸ்போரிக் அமிலம் தயாரிக்கும்போது மிஞ்சும் ஜிப்சம் அது. அப்போது பாறையிலுள்ள யுரேனியம் பெரும்பாலும் அமிலத்தோடு போகிறது, ரேடியம் ஜிப்சத்தில் தங்குகிறது. படிவுப் பாறையிலிருந்து வரும் ஜிப்சத்தில் ரேடியம் பொதுவாக அதிகம். எரிமலைப் பாறை வகையில் குறைவு. எந்தப் பாறை என்று ஆலையிடம் கேளுங்கள். கட்டுமானத்துக்கு விற்கும் பாஸ்போஜிப்சத்தில் ரேடியம்-226 கிராமுக்கு 1 பெக்கெரலைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. தாண்டினால் வேறு பொருள் கலந்து அதற்குள் கொண்டுவர வேண்டும். சிமெண்ட் இறுகும் வேகத்தைக் குறைக்க ஒரு சில சதவீதம் சேர்ப்பதால் பெரிய மாற்றம் வராது. சுவர்ப் பலகையாக வார்க்கும்போதுதான் கவனம் வேண்டும்.

மேலே சொன்ன குறியீடு ரேடானைக் கணக்கில் கொள்ளாது. சாம்பல் துகள் கண்ணாடி போல உருகி இறுகியது என்பதால் உள்ளே பிறக்கும் ரேடானில் மிகச் சிறு பங்குதான் வெளியேறும். ரேடியம் கூடினாலும் ரேடான் அதே விகிதத்தில் கூடாது. சுவீடனில் 1975 வரை ஆலம் ஷேல் என்ற யுரேனியம் மிகுந்த பாறையிலிருந்து செய்த நீலக் கான்கிரீட் இதற்கு எதிர்மாறு. பலவற்றில் கிலோவுக்கு ஆயிரம் பெக்கெரலுக்கு மேல் ரேடியம், கூடவே துளைகள் நிறைந்த பொருள். அந்த வீடுகளில் இன்றும் ரேடான் அளக்கிறார்கள். ஏசி போட்டு எப்போதும் மூடியே வைக்கும் அறையில் ரேடானைத் தனியாக, குறைந்தது மூன்று மாதம் டிடெக்டர் வைத்து அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கெரல். அது இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

சோதனை முடிவை லோடு எண், நிலக்கரி வகை, குவாரி பெயரோடு எழுதி வையுங்கள். இவற்றில் எது மாறினாலும் பழைய அறிக்கை செல்லாது; புதிதாக மாதிரி எடுக்க வேண்டும்.