டி.சி. இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில், வாரியக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விட்டபோது பாதியில் படிப்பு நின்றவர்கள் இவர்களில் பலர். டி.சி. பழைய பள்ளியில் கிடக்கும், பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்தில் போயிருக்கும். "ஜூன்ல சேத்துக்கலாம்கா" என்பார்கள் வீட்டில். ஜூன் வரை விடாதீர்கள். 12 வயதுப் பையன் அதற்குள் கல்யாணச் சமையலுக்கு எடுபிடியாகப் போய்க் கூலிக் காசைப் பார்த்துவிட்டால், அவனைத் திரும்ப வகுப்பில் உட்காரவைப்பது பெரும்பாடு.

பெண்பிள்ளை என்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அம்மா அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்கு விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். தம்பியை அங்கன்வாடியில் விட வழி செய்த பிறகுதான் அக்காவின் படிப்பு நிலைக்கும்.

அப்புறம் விண்ணப்பம். வெள்ளைத்தாள் போதும். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் பெயருக்கு 2 பிரதி எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வயது, கடைசியாகப் படித்த பள்ளி, எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) தெரிந்தால் அதுவும். கீழே பெற்றோர் கையெழுத்து. நடுவில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: "கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5, 14, 15இன்படி, டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை, ஆண்டின் நடுவில் வந்தார் என்ற காரணங்களால் சேர்க்கையை மறுக்கக் கூடாது." 6 முதல் 14 வயது வரை இது செல்லும். ஒரு பிரதியில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள்.

"மூணாவதுல நின்னவன், மூணுலயே போடுங்க" என்று பெற்றோரே சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மீசை அரும்பும் பையன் பொடிசுகளுக்கு நடுவே கூனிக் குறுகி எத்தனை நாள் உட்காருவான்? வயதுக்கேற்ற வகுப்பு, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி, இரண்டையும் பிரிவு 4 தருகிறது. கேட்டு வாங்குங்கள்.

மறுத்தால் முத்திரையிட்ட பிரதியோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் அழைக்கலாம். பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

சேர்த்த முதல் மாதம் தினமும் காலையில் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 5ஆம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு உண்டு என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். சீருடை வரும்வரை இருக்கிற சட்டையோடு போகட்டும். அதற்காகத் திருப்பி அனுப்பினால், அன்றைக்கே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.