கொட்டாப்புளி செய்கிறவர்கள் பிடிக்கட்டையில் செய்யும் தவறு

கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலில் ஒரு தினுசு இருக்கிறது. தலையின் இரண்டு பக்கத்திலும் பிடியின் நுனி புறாவால் வடிவத்தில் தெரியும். கீழே குறுகல், மேலே அகலம். பார்க்கிறவர் முதலில் கேட்பது "இது எப்படி உள்ளே போச்சு?" என்றுதான். கீழேயிருந்து ஏற்ற முடியாது, அகலமான நுனி குறுகலான வாயில் நுழையாது. மேலேயிருந்து இறக்கவும் வழியில்லை, அடியில் பிடி தோள் வைத்துத் தடித்து நிற்கிறது.

கோத்தகிரியில் என் கொட்டகைக்கு மரவேலை பழக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் இதைச் செய்துபார்க்கத்தான் ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை, ஒரு காலத்தில் நான் செய்ததையே வரிசையாகச் செய்கிறார்கள். கோட்டைத் தாண்டி அறுப்பது, மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் செய்யச் செய்யத் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

முதலில் சூட்சுமம். பிடியின் மேல்பகுதி நடுவில் பிளவுபட்டு இரண்டு கால்களாக நிற்கும். தலையின் இரு பக்கத்திலும் ஆளுக்கொரு காடி, அதாவது கால் உட்காரும் பள்ளம். காடியின் தரை மட்டமாக இருக்காது. அடியில் ஆழம் அதிகம், மேலே போகப் போக ஆழம் குறைந்து வெளிப்பக்கமாக ஏறும். காடியின் சுவர்கள் உள்ளே அகன்று வெளியே குறுகியவை. அதனால் ஆழமான இடத்தில் வாய் குறுகலாகவும், ஆழம் குறைந்த இடத்தில் வாய் அகலமாகவும் தெரியும். கால்களின் அகலம் முழு நீளத்துக்கும் ஒன்றுதான். கீழிருந்து ஏற்றும்போது அவை சரிவில் ஏறி வெளியே விரியும், நுனி தலையின் முகத்தைத் தாண்டித் துருத்தும், துருத்தியதை இழைத்துத் தள்ளினால் புறாவால் தெரிந்துவிடும். கால்கள் உடையாமல் வளைய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பலகையிலிருந்து அறுத்த பிடி

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான், ஏனென்றால் இது கடைசி நிமிஷத்தில்தான் வெளியே வரும். தலையைச் செதுக்கி, காடியைச் சுத்தம் செய்து, கால்களை அறுத்து, எல்லாம் கச்சிதமாக முடிந்தபிறகு, முக்கால்வாசி ஏறிய நிலையில் "டப்" என்று ஒரு கால் முறியும். முறிந்த துண்டு காடிக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அதைத் தோண்டி எடுப்பதற்குள் காடியின் கூர் விளிம்புகள் பொரிந்து தலையும் போய்விடும். புளியமரக் கட்டையில் இரண்டு காடி வெட்டியவருக்குத் தெரியும் அது எவ்வளவு உழைப்பு என்று.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன், கை சுத்தம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்கில் அறுத்த பலகை, நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே, அதிலிருந்து பிடி அறுத்திருந்தான். கால் முறிந்ததும் முகம் சுண்டிப்போய், "அண்ணா, ரேகை நேராத்தானே இருக்கு, பாருங்க" என்றான். அகலமான முகத்தில் ரேகை நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. கட்டையைக் கால் சுற்று திருப்பி, பிளவு தெரிகிற பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் ரேகை ஒரு விளிம்பில் தொடங்கி நாலே அங்குலத்தில் மறு விளிம்பில் வெளியேறியிருந்தது. கால் வளைவது அந்தத் திசையில்தான். நார் நடுவழியில் வெட்டுப்பட்டு நிற்கும்போது அங்கே மரத்தைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை.

ரம்பத்துக்கு நார் தெரியாது, போட்ட கோட்டில் போகும். கோடாரி நாரின் வழியே போகும். அதனால் பிடிக்கட்டையை அறுக்காதீர்கள், பிளந்து எடுங்கள். கோடாரியும் ஆப்பும் போதும். பிளந்த முகம் எப்படி வருகிறதோ அதுதான் நாரின் போக்கு, அதை ஒட்டியே இழைத்துக்கொள்ளுங்கள். முகம் முறுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கட்டை அடுப்புக்கு. நீலகிரி யூகலிப்டஸில் இது சகஜம். காய்ந்த கம்பத்தில் வெடிப்பு நேராக இறங்காமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நாரும் அப்படித்தான் திருகியிருக்கிறது. எனக்குப் பிடித்தது விறகுக் கடையில் கிடைக்கும் சீகை, அதாவது வாட்டில் மரம். நேராகப் பிளக்கும், வளைந்து கொடுக்கும். நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள், இங்கே மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே போட்ட பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

அறுத்த கட்டை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், இழைத்த முகத்தில் ஒரு சொட்டு மை விடுங்கள். மை நார் வழியே கோடாக ஊறும். பக்கத்து முகத்திலும் ஒரு சொட்டு. இரண்டு முகத்திலும் கோடு விளிம்புக்கு இணையாக ஓடினால் எடுங்கள், இல்லையென்றால் வேறு கட்டை தேடுங்கள்.

நார் நேராக இருந்தும் கால் முறிந்தால் பிளவின் அடிமூலையைப் பாருங்கள். ரம்பம் விட்ட கூரான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். அங்கே துளை போட்டு வட்டமாக்கிவிட்டு, அப்புறம் பிளவை அறுங்கள். பிளவு தலையின் அடியோடு நின்றுவிடவும் கூடாது, 2 அங்குலமாவது கீழே இறங்கட்டும். இடைவெளி தெரிகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வளைவு ஒரே இடத்தில் மடியாமல் பரவுவதற்கு அந்த நீளம் வேண்டும்.

வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும் என்பது

போதாது. கால்கள் இளகி வளைய வேண்டுமானால் சூடு உள்ளே வரை இறங்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், சமவெளிக்காரர் சொல்லும் நேரக்கணக்கு நமக்குச் செல்லாது. 5 நூல் (8 நூல் ஒரு அங்குலம்) கனமுள்ள காலை முக்கால் மணி நேரம் கொதிநீரில் விடுகிறேன். வெளியே எடுத்தால் சூடு ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும், அதனால் தலையை வைஸில் இறுக்கி, கிளாம்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பானையைத் தொட வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், கிளாம்பின் திருகால் மெதுவாக அழுத்துங்கள்.

ஆறுக்கு ஒன்று சரிவு

பெட்டி மூட்டுக்குப் பழகிய கை, காடிச் சுவரையும் 6-க்கு 1 என்று, அதாவது 6 நூல் ஆழத்துக்கு 1 நூல் என்று சாய்க்கும். கால் சரிவில் ஏறி வெளியே வரும் அளவு 2 நூல் என்றால், அந்தச் சாய்வில் மேலுக்கும் கீழுக்கும் அகல வித்தியாசம் முக்கால் நூல்கூட வராது. கண்ணுக்கு நேர்க்கோடாகத்தான் தெரியும். 2-க்கு 1 வைத்தால் முழுசாக 2 நூல், அதாவது கால் அங்குலம் வரும். புறாவால் அப்போதுதான் புறாவாலாகத் தெரியும்.

முழுசாக ஏற்றி ஒத்திகை பார்ப்பது

பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். திரும்பி வராது.

பெவிகால்

ஈரக் காலில் பிடிக்காது. தேவையும் இல்லை.

பச்சைத் தலை

வடகிழக்கு மழையில் மூடுபனி மாதக்கணக்கில் நிற்கிற ஊர் இது. கொட்டகையில் கிடந்த கட்டை காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதில் காடி வெட்டி, கொட்டாப்புளியைச் செய்து முடித்து, மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போனால் வெயிலில் தலை சுருங்கி வெடிக்கும். தலைக்கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகு பூசி, பரணில், நெருப்பிலிருந்து தள்ளி வைத்து, ஆற அமரக் காயவிடுங்கள்.

அன்றைக்கே அடித்துப் பார்ப்பது

கால்கள் விரிந்த நிலையிலேயே காய்ந்து இறுக வேண்டும். இறுகியபிறகு வெளியே வர வேண்டுமானால் அவை மறுபடி உள்ளே வளைந்தாக வேண்டும், அதனால்தான் தலை கழலாது. ஈரத்தோடு அடித்தால் தலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகரும். மழைக்காலத்தில் மூன்று வாரமாவது விடுங்கள். அப்புறம் துருத்திய நுனியைக் கீழிருந்து மேல்நோக்கி இழைத்து, ஆளிவிதை எண்ணெய் தடவி வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.