வீல்சேரில் மார்கழிக் கச்சேரி: படி இல்லாமல் படிப்படியாக

தலைப்பு அக்கா கொடுத்தது. "வீல்சேர்காரங்களுக்கு எழுதுற, அதையும் படிப்படியாவா எழுதுவ?" என்று கேட்டுச் சிரித்தாள். வேறு வழி தெரியவில்லை.

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கத்துத் தேவிபட்டினம். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இருபது வருடமாக வீல்சேர்தான். திருச்சி வானொலியையும் இலங்கை வானொலியையும் கேட்டே ராகம் பிரிக்கப் பழகியவள், ஒரு கச்சேரியைக்கூட நேரில் கேட்டதில்லை. போன மார்கழியில் இரண்டு நாள் சென்னைக்குக் கூட்டிப்போனேன். பட்ட பாட்டை எழுதிவைத்தால் இந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து அடுத்து கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

படி 1: முதலில் வண்டியைப் பாருங்கள்

நம் ஊர் உப்புக்காற்றில் இரும்பு வீல்சேர் இரண்டு வருடம் தாங்காது. முன்சக்கரத்து பேரிங்கும் பிரேக்கும்தான் முதலில் துருப்பிடிக்கும். என் ஓட்டு அலுமினியத்துக்கு. விலை கூடுதல்தான், ஆனால் பயணத்தில் நாலு இடத்திலாவது மடக்கித் தூக்க வேண்டிவரும், அப்போது தெரியும் அதன் அருமை. பின்சக்கரம் பெரும்பாலும் 24 அங்குலம். அதற்கு ஒரு ட்யூப் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சரானால் எந்த சைக்கிள் கடையிலும் போட்டுவிடலாம்.

மடக்கு ராம்ப் (படிமேல் போடும் சாய்பலகை) வாங்கச் சிலர் சொல்வார்கள். நான் வாங்கவில்லை. அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

அப்புறம், வீல்சேரின் மொத்த அகலத்தை அளந்து போனில் குறித்துவையுங்கள். உட்காரும் இடத்தை அளக்காதீர்கள். கையால் தள்ளும் வெளிவளையம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளக்க வேண்டும். அக்காவுடையது 25 அங்குலம். அந்த எண் பின்னால் வரும்.

படி 2: பாடகர் அப்புறம், ரயில் முதலில்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். கச்சேரி நடத்தும் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வரும்வரை காத்திருந்தால் கீழ் பெர்த் போய்விடும். மார்கழியில் சென்னையில் எந்த நாள் போனாலும் நல்ல கச்சேரி ஒன்று இருக்கும். தேதியைப் பிடியுங்கள், பாட்டு தானாக வரும். (அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒருவர் பாடித்தான் ஆக வேண்டும். அதிர்ஷ்டவசமாக அவர் அந்த வாரம் பாடினார்.)

துணையின்றிப் பயணம் செய்ய முடியாத கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50 சதவீதம். கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. கையிலிருக்கும் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள) அட்டை வேறு, ரயில்வே தரும் சலுகை அட்டை வேறு. அரசு மருத்துவரிடம் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி, ரயில்வேயின் இணையதளத்தில் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. ஐப்பசியில் தொடங்கினால் மார்கழிக்குள் முடியாமல் போகலாம், ஆவணியிலேயே தொடங்குங்கள். அட்டை வந்தபின் முன்பதிவில் மாற்றுத்திறனாளி கோட்டாவைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

படி 3: எங்கே ஏறுவது

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திய பிறகு பல வண்டிகள் ராமநாதபுரத்திலேயே நின்று அங்கிருந்தே கிளம்பின. அப்போது ஊரே குறைபட்டுக்கொண்டது, ஆனால் வீல்சேருக்கு அது சொர்க்கம். காலி வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும், நிதானமாக ஏறலாம். 2025 ஏப்ரல் 6-ல் புதுப்பாலம் திறந்தபின் வண்டி மறுபடி ராமேஸ்வரத்திலிருந்து வருகிறது. ராமநாதபுரத்தில் நிற்பது சில நிமிடம்தான். அதற்குள் ஆளைத் தூக்கி, நாற்காலியை மடக்கி, பையை ஏற்றுவது நெஞ்சு படபடக்கிற வேலை.

அதனால் நாங்கள் ராமநாதபுரத்தைத் தாண்டி 55 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய் ராமேஸ்வரத்திலேயே ஏறினோம். வேன் வாடகை வலிக்கத்தான் செய்தது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஏறுவதும் ஓடப்போகும் வண்டியில் ஏறுவதும் ஒன்றல்ல. கூடவே இரவில் புதுப்பாலத்தைக் கடந்தோம். அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை.

சாதாரணப் பெட்டியின் நடைவழியில் வீல்சேர் போகாது. கதவிலிருந்து பெர்த் வரை தூக்கித்தான் போக வேண்டும். கதவை ஒட்டிய பெர்த்தாக இருந்தால் தூரம் குறையும். வண்டியின் கடைசியில் கார்டு பெட்டியை ஒட்டி அகலக் கதவோடு மாற்றுத்திறனாளிகள் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் வீல்சேரோடு ஏறலாம். ஆனால் இரவு முழுக்கப் போகும் பயணத்துக்கு என் தேர்வு கோட்டாவில் கிடைக்கும் கீழ் பெர்த்தான்.

படி 4: அறை. இங்கேதான் நான் விழுந்தேன்

எழும்பூரில் நான் பதிவு செய்த லாட்ஜில் போனிலேயே எல்லாம் கேட்டேன். லிஃப்ட் இருக்கிறதா? இருக்கிறது. வாசலில் படி? சாய்தளம் இருக்கிறது. பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்? 26. வீல்சேர் 25. ஒரு அங்குலம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

போய்ப் பார்த்தால் வீல்சேர் கதவு நிலையில் முட்டி நின்றது. போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. நிலைச்சட்டத்துக்கு இடையே 26 அங்குலம்தான். ஆனால் கதவைத் திறந்தால் அது கீலில் ஒட்டி நின்று தன் தடிமனை அந்த வழியிலேயே வைத்துக்கொள்கிறது. முழுக்கத் திறக்க விடாமல் உள்ளே வாஷ்பேசின் வேறு தடுக்கிறது. கடைசியில் கிடைத்த வழி 24 அங்குலம். போதாததற்கு நாலு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு. தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டியது. அந்த இரண்டு நாளும் அக்காவை பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, ஈரத்தரையில் இழுத்துக்கொண்டு போனேன். அவள் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள் என்பதை மறுநாள்தான் கவனித்தேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். பயணமே கெட்டுவிடும். அதனால் பாத்ரூம் சரியில்லாத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது நான் செய்வது இது. எண் கேட்பதே இல்லை. கதவை முடிந்தவரை திறந்துவைத்து, கதவுக்கும் எதிர்ச்சட்டத்துக்கும் நடுவே தரையில் டேப்பை நீட்டி வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்கிறேன். டேப் இல்லை என்பார்கள். ரிசப்ஷனில் ஏ4 தாள் நிச்சயம் இருக்கும். ஒரு தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். மூன்று தாளைப் பக்கம் பக்கமாக வைத்தால் 63 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 25 அங்குலம். மூன்று தாள் போக நாலு விரல் இடம் மிச்சமிருந்தால் அக்கா போவாள். உங்கள் வீல்சேர் அகலத்தை இதேபோல் தாள் கணக்குக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் தரைத் தடுப்பும் விழ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். படம் அனுப்பச் சலித்துக்கொள்ளும் லாட்ஜை நான் விட்டுவிடுகிறேன்.

பின்சேர்க்கை: பேப்பர் என்றதும் ஓரிடத்தில் செய்தித்தாளை விரித்துப் படம் அனுப்பியதாகக் கீழக்கரை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகவே "பிரின்டரில் போடும் தாள்" என்று சொல்லுங்கள்.

படி 5: சபா

"ராம்ப் இருக்கு" என்பது பதில் ஆகாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதுதான் கணக்கு. நாங்கள் போன ஒரு சபாவில் இரண்டடி உயரத்துக்கு ஆறடியில் ஒரு சறுக்குமரம் கட்டி, அதன் வாயில் நாலு பைக் நிறுத்தியிருந்தார்கள். இறங்கும்போது பின்னோக்கித்தான் இறக்க வேண்டும், தள்ளுகிறவர் கீழே இருக்க வேண்டும். இதை அவசரத்தில் மறந்துவிடாதீர்கள்.

முதல் நாள் மதியக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பல சபாக்களில் அது இலவசம், கூட்டமும் இருக்காது. எந்த வரிசை ஓரத்தில் நாற்காலி நிற்கும், கழிவறைக்கு எத்தனை படி, கேன்டீன் எந்தத் தளம், எல்லாம் தெரிந்துவிடும். சாயங்கால டிக்கெட்டை அதன்பிறகு எடுக்கலாம்.

இன்னொன்று. தனி ஆவர்த்தனம் (பாட்டை நிறுத்தி மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் பாதிச் சபை கேன்டீனுக்கு எழுந்துபோகும், நடைவழி அடைத்துக்கொள்ளும். போக வேண்டியிருந்தால் அது வரும் மெயின் உருப்படிக்கு, அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டுக்கு, முன்னாலேயே போய்வந்துவிடுங்கள். அக்கா தனியின்போது அசையவில்லை. எழுந்து போனவர்களைப் பார்த்து, "கால் இருந்தும் என்னத்துக்கு, மிருதங்கத்தை விட்டுட்டுப் போகுதுங்க" என்றாள்.

படி 6: ஊருக்குள்

சென்னை மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு, பெட்டிக்குள் வீல்சேருக்கு இடமும் உண்டு, பிளாட்பாரத்திலிருந்து நேராக உருட்டிக்கொண்டே ஏறலாம். எல்லா நுழைவாயிலிலும் லிஃப்ட் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எது என்று கேட்டுப் போங்கள்.

மெட்ரோவை நம்பிச் சபாவைத் தேர்ந்தெடுப்பதென்றால் என் பரிந்துரை பாரிமுனையில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கும். எழும்பூரில் ஏறி, அடுத்த நிலையமான சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறினால் அதற்கடுத்தது உயர் நீதிமன்றம். டி.டி.கே. சாலையிலுள்ள மியூசிக் அகாடமிக்கும் நாரத கான சபாவுக்கும் ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். 2024-லிருந்து ஓடும் தாழ்தளப் பேருந்துகளும் உண்டு. கதவருகே மடக்கு ராம்ப் இருக்கும். வழித்தடம் பொருந்தினால் சரி.

பின்சேர்க்கை: மோட்டார் வீல்சேரோடு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மெட்ரோவுக்குச் சுகம். ரயிலில் ஏற்றும்போது அந்தக் கனத்தை யார் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: மெரினா

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் மரப்பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப்போட்டு, பிறகு சரிசெய்தார்கள். எனவே மழைக்காலத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். விடியற்காலை நல்லது, கூட்டம் இருக்காது.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடல். கடலுக்குள் நிற்கும் நவபாஷாண நவக்கிரகக் கற்கள் தெரியும். ஆனாலும் மணலில் சக்கரம் புதையும் என்பதால் அக்கா அலைக்குப் பக்கத்தில் போய் வருடக்கணக்காகிறது. மரப்பாதையில் கடைசிவரை தானே உருட்டிக்கொண்டு போனாள், நான் பின்னால் நடந்தேன். பாதை அலைக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பிரேக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பத்தடி போட்டிருக்கலாம்டா."

திரும்பும் டிக்கெட் அன்றிரவுக்கு இருந்தது. வண்டி கிளம்பும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.