மூன்று கடை, ஒரே ஸ்கிரிப்ட்: எஸ்எஸ்எச் வழியாகப் பல கட்டளைகள்

ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவருக்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் மூன்று ஊரிலும் கடை என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் லினக்ஸ் ஓடும் பில்லிங் கணினி. ராத்திரி கடை அடைத்ததும் மூன்றையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றாக நுழைந்து தட்டத் தேவையில்லை; எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியில் பாதுகாப்பாகக் கட்டளை ஓட்டும் கருவி) போதும். கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

முதலில், கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவி. எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டுங்கள், எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் பொதுச் சாவியை மூன்று கணினிக்கும் அனுப்புங்கள். கடைப் பெயர்களையும் ஐபி முகவரிகளையும் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் எழுதி வையுங்கள்.

அடுத்து, ஒரே வரியில் இரண்டு வேலை (சிடி ஃபோல்டருக்குள் போகும், ஆர்எம் கோப்புகளை அழிக்கும்):

எஸ்எஸ்எச் தேவகோட்டை 'சிடி பழையபில் && ஆர்எம் *.டெம்ப்'

நடுவில் இருக்கும் && குறியை விடாதீர்கள். அந்த இடத்தில் அரைப்புள்ளி போட்டு, பழையபில் என்ற ஃபோல்டரும் அங்கே இல்லாமல் போனால், சிடி தோற்றாலும் ஆர்எம் ஓடிவிடும். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டெம்ப் கோப்புகள் அழிந்துபோகும்.

இனி மேற்கோள் குறி. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

எஸ்எஸ்எச் தேவகோட்டை "எக்கோ $(ஹோஸ்ட்நேம்)"

இதற்கு உங்கள் லேப்டாப்பின் பெயர்தான் பதிலாக வரும். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் டாலர் குறியை, வரி கிளம்பும் முன்பே உங்கள் லேப்டாப்பின் ஷெல் (கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல்) விரித்து, விடையை அங்கே வைத்துவிடுகிறது. ஒற்றை மேற்கோள் போட்டால் வரி அப்படியே போய்ச் சேர்ந்து தேவகோட்டையில் விரியும். எழுதும் ஒவ்வொரு டாலருக்கும் 'இது இங்கா, அங்கா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலைந்து வரிக்கு மேல் போனால் மேற்கோளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரவுவேலை.எஸ்எச் என்ற கோப்பில் முதல் வரியாக 'செட் -இ' எழுதுங்கள். ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிற்கும். அப்புறம், அதை மூன்று கடையிலும் வரிசையாக ஓட்டும் சுற்று:

ஃபார் கடை இன் காரைக்குடி தேவகோட்டை பள்ளத்தூர்; டூ
எஸ்எஸ்எச் -ஓ கனெக்ட்டைம்அவுட்=5 "$கடை" 'பாஷ் -எஸ்' < இரவுவேலை.எஸ்எச்
எக்கோ "$கடை $?"
டன்

கடைப் பட்டியலைக் கோப்பிலிருந்து 'வைல் ரீட்' (வரி வரியாகப் படிக்கும் சுற்று) கொண்டு படித்து நேரடிக் கட்டளை அனுப்பினால், எஸ்எஸ்எச் மிச்சப் பட்டியலையும் விழுங்கிவிடும். முதல் கடையோடு நின்றுபோகும். அங்கே எஸ்எஸ்எச்சுக்குப் பின் -என் (உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்வது) சேருங்கள். மேலே உள்ளதுபோல் கோப்பை உள்ளே ஊட்டும்போது மட்டும் -என் கூடாது, ஸ்கிரிப்டே போய்ச் சேராது.

கடைசியில் அச்சாகும் எண் 0 என்றால் சரி. 255 என்றால் எஸ்எஸ்எச் பக்கமே பிழை. பள்ளத்தூரில் கரண்ட் இல்லாமல்கூட இருக்கலாம். வேறு எண் வந்தால், அங்கே ஓடிய கட்டளையில் தேடுங்கள்.