செடி வைத்த மீன் தொட்டியில் முதல் இரண்டு மாதம் செய்யும் தவறுகள்

செடி நட்ட பத்தாம் நாள் வாக்கில் அது தொடங்கும். வாங்கி வந்தபோது பச்சைப்பசேலென்று இருந்த இலைகள் வெளுத்து, ஓட்டை விழுந்து, தொட்டால் கூழாகக் கரையும். வெளிச்சம் போதவில்லை போல என்று விளக்கைக் கூடுதல் நேரம் எரிய விடுவோம். சத்து போதவில்லை போல என்று உரத்தை இரண்டு மூடி ஊற்றுவோம். அப்புறம், வேர் பிடித்திருக்கிறதா என்று செடியையே பிடுங்கிப் பார்ப்போம்.

சென்னையில் என் வீட்டு இரண்டடித் தொட்டியில் இந்த மூன்றையும் நான் செய்திருக்கிறேன். சும்மா இருந்திருந்தால் அந்தச் செடிகளில் பாதியாவது பிழைத்திருக்கும்.

கடையில் விற்கும் தொட்டிச் செடிகளில் நிறைய, நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. வேர் ஈரத்தில், இலை காற்றில். அப்படி வளர்த்தால் சீக்கிரம் பெருகும், பாசியும் ஒட்டாது. ஆனால் காற்றில் வளர்ந்த இலை தடித்தது, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அதனால் மூச்சுவிட முடியாது. செடி அந்த இலைகளைக் கைவிட்டுவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளைப் புதிதாக விடும். நாம் சாவு என்று நினைப்பது பெரும்பாலும் இந்த உடை மாற்றம்தான். அழுகும் இலையை மட்டும் கத்தரித்து வெளியே போடுங்கள், தொட்டியில் விட்டால் தண்ணீர் கெடும். குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது போதும்.

இதில் கிரிப்டோகோரைன் என்ற செடி தனி ரகம். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்ட்டி (wendtii) வகை இலங்கையின் ஓடைக்கரைகளைச் சேர்ந்தது. இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும். தரைக்கு மேலே ஒன்றுமே மிஞ்சாது. செத்துவிட்டது என்று நான் தூக்கி எறிந்தவை மூன்று. நான்காவதை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். ஒரு மாதம் கழித்து அது மண்ணிலிருந்து சுருள் சுருளாக இலை விட்டது. மண்ணுக்குள் தண்டும் வேரும் கெட்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

நடும் முறையிலும் செடிகள் போகின்றன. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் இஞ்சி மாதிரி தரையோடு படுத்துப் போகும் ஒரு தடித்த தண்டு உண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ தையல் நூலால் கட்டி வைத்தால் போதும், வேர் தானே பற்றிக்கொள்ளும். சின்ன பிளாஸ்டிக் கூடையில் பஞ்சு போன்ற ஒன்றைச் சுற்றி விற்கும் செடிகளில் அந்தப் பஞ்சைப் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக வரும் தண்டுச் செடிகளை அப்படியே கட்டோடு செருகினால் நடுவில் இருப்பவை வெளிச்சமில்லாமல் அழுகும். ஒவ்வொரு தண்டாக, விரலகல இடைவெளி விட்டு நடுங்கள்.

எத்தனை செடி வைப்பது? பெரும்பாலானவர்கள் ஆசையாக வகைக்கு ஒன்று வாங்கி, நடுவில் பொட்டல் விட்டு நடுகிறார்கள். செடி எடுத்துக்கொள்ளாத சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் நாளிலேயே, வேகமாக வளரும் மலிவான செடிகளை நெருக்கமாக நட வேண்டும். வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, ஹார்ன்வொர்ட், கப்பி கிராஸ் எல்லாம் இதற்கு ஏற்றவை. நம் வயல் ஓரங்களில் தானாக முளைக்கும் நீர்ப்பிரமிகூட தொட்டிக்குள் அழகாக நிற்கும், என்ன, கொஞ்சம் மெதுவாக வளரும். அருமையான சிவப்புச் செடிகளை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் தொட்டி விளக்கைப் போடுவோம், இரவு படுக்கப் போகும்போது அணைப்போம். ஹாலுக்கு அது ஒரு அலங்காரம், விருந்தாளி வந்தால் பெருமை. வேர் பிடிக்காத செடிக்குப் பதினைந்து மணி நேர வெளிச்சம் எதற்கு? அது முழுக்கப் பாசிக்குத்தான் போகும். முதல் மாதம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும், பிறகு மெல்ல 8 வரை போகலாம். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். விருந்தாளி வரும் மாலை நேரத்துக்கே அதை வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் டைமர் வைத்தும் பயனில்லை.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு நிறத்தில் தூசு மாதிரி படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் அநேகமாக வரும், சில வாரங்களில் போய்விடும். அதற்காக மருந்து ஊற்ற வேண்டாம். பாசி தின்னும் என்று சக்கர் மீன் வாங்கவும் வேண்டாம். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடியைத் தாண்டி வளரும், அது போடும் கழிவே தொட்டியைக் கெடுக்கும்.

சரி, மீனுக்கு வருவோம். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் செடியோடு மீனையும் வாங்காமல் திரும்புவது கஷ்டம்தான். ஆனால் செடியும் மீனும் ஒரே நாளில் தொட்டிக்குள் போவதுதான் இருப்பதிலேயே அதிக உயிர் வாங்கும் தவறு. மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகும் இலை எல்லாம் அமோனியாவாகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, செடிக்கும் உணவு. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் பத்து மீனை விட்டால், அவை தம் கழிவிலேயே வெந்து சாகும்.

நம் ஊரில் இது இன்னும் கடுமை. அமோனியாவில் எவ்வளவு விஷ வடிவில் இருக்கும் என்பதை நீரின் பிஎச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால், பிஎச் 8, 30 டிகிரியில் அதே அளவு அமோனியாவின் விஷப் பங்கு பத்து மடங்குக்கு மேல். கோடையில் நம் போர் தண்ணீர் பல இடங்களில் ஏறக்குறைய இரண்டாவது கணக்குதான். குளிர் நாட்டு வீடியோக்களில் ‘கொஞ்சம் அமோனியா இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்வதை இங்கே நம்பிவிடாதீர்கள்.

அமோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் கிடைக்கிறது. இரண்டுமே பூஜ்யம் காட்டத் தொடங்கி, ஒரு வாரம் அப்படியே நின்றபின் ஐந்தாறு சின்ன மீன்களை விடுங்கள். கப்பி, ஜீப்ரா டேனியோ போன்றவை சரி. கோல்டு ஃபிஷ் வேண்டவே வேண்டாம், நட்ட செடியையெல்லாம் உழுது போட்டுவிடும். சத்துள்ள ‘அக்வா சாயில்’ போட்டிருந்தால் முதல் வாரங்களில் அந்த மண்ணே அமோனியாவைக் கசியவிடும். அந்த நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுவது நல்லது.

தண்ணீர் மாற்றும்போது நடக்கும் விபத்துகள் தனிக் கதை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே தாக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கசக்கிக் கழுவுவதும் இதே வகைதான், ஆறு வாரமாகச் சேர்ந்ததெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டுங்கள். இரவில் சத்தம் தாங்கவில்லை என்று ஃபில்டரை நிறுத்தாதீர்கள், அந்த பாக்டீரியாவுக்கு ஓடும் நீரின் ஆக்சிஜன் வேண்டும்.

வற்றும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டே போவது நீண்ட நாள் கழித்துத் தெரியும் தவறு. நீர்தான் ஆவியாகிறது, அதிலுள்ள உப்பு அப்படியே தங்குகிறது. உப்பளத்தில் நடப்பதும் இதுதானே. வாரம் கால் பங்கை வெளியே எடுத்தாக வேண்டும். போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் கிடைக்காது. அழகுக்காகப் போடும் கிளிஞ்சல், பவளம், மார்பிள் கல் எல்லாம் தண்ணீரின் கடினத்தை ஏற்றும். சந்தேகமான கல்லில் வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

ஹீட்டர் சென்னைக்குப் பெரும்பாலும் வீண். வெப்பம்தான் இங்கே பிரச்சினை. மே மாதம் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒரு கைப்பிடி கல் உப்பு போடுவது நம் வழக்கம். வெறும் மீன் தொட்டிக்கு அது சரியாக இருக்கலாம்; செடிகள் பலவும் வாடும். நீல மருந்து என்று தரும் மெத்திலீன் ப்ளூ செடியையும் கெடுக்கும், ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும். நோயாளி மீனைத் தனி வாளியில் வைத்து வைத்தியம் பாருங்கள். செடியோடு வரும் குட்டி நத்தைகளுக்கும் மருந்து வேண்டாம். அவை பெருகினால் தீனி அதிகம் விழுகிறது என்று அர்த்தம், என்னைக் கேட்டால் டெஸ்ட் கிட்டைவிட நேர்மையான சாட்சி அவைதான்.

வெட்டிய செடித் துண்டுகளையும் வேண்டாத மீனையும் ஏரியில் விடாதீர்கள். ஆகாயத் தாமரை நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு ஒரு வேளை போதும். வளர்ந்த மீன்கள் மூன்று நான்கு நாள் பட்டினி தாங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள், கரண்ட் போய் வந்தால் ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீனி டப்பாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.