பாமினியில் கிடக்கும் ஆய்வேட்டை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி

ஆய்வேட்டின் வேர்டு கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால், கணிப்பொறியைப் பொறுத்தவரை அந்த 300 பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் தரும் தரம்தான் யூனிகோடு.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மென்பிரதி காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையத்தின் சோத்கங்கா இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பாமினி ஆய்வேட்டுக்குள் ‘சிலப்பதிகாரம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் வந்த விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல் 40, 60 என்று தண்டனைப் படிகள் ஏறும். பாமினிப் பிரதியை ஒப்புமை மென்பொருளில் ஏற்றினால், யூனிகோடில் உள்ள எந்த மூலத்தோடும் அது ஒத்துப்போக வழியே இல்லை. அந்தச் சுழியத்தை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சோதனையே நடக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இத்தனை குறியாக்கங்கள் ஏன்?

மாற்றி மென்பொருளில் எதைத் தேர்வது என்று தெரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும். 1990-களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற வரைபடத்தை, அதாவது குறியாக்கத்தை, தனித்தனியாக வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. டாம் தமிழுக்கு மட்டும். டாப்பில் ஆங்கிலமும் உண்டு. இணையத்தில் இயங்கிய தமிழர்களிடையே திஸ்கி பரவியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி ஆழ வேரூன்றியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார்.

யூனிகோடு வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. அது இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தை அடியொற்றி, ‘க’வுக்கு ஓர் இடம் தந்து, ‘க்’கை ‘க’வோடு சேர்ந்த புள்ளியாக வைத்தது. மெய்தான் அடிப்படை, க் + அ = க என்று இலக்கணம் படித்தவர்களுக்கு இது தலைகீழ். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 அந்த வாதத்தின் விளைவு. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஒருசேரத் தரமாக அறிவித்தது. அதே ஆண்டு கிரந்த எழுத்துகளை யூனிகோடில் சேர்க்கும் முன்மொழிவு பெரும் அரசியல் விவாதமானது. எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகள் இல்லாமலே கிரந்தத் தொகுதி 2014-இல் யூனிகோடு 7.0-இல் வந்தது.

இலக்கண வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆய்வேட்டை டேஸ்16-இல் கொடுக்காதீர்கள். எந்த மொழிக்கும் ஒதுக்காமல் அவரவர் விருப்பத்துக்கு விட்ட யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அது உட்கார்ந்திருப்பதால் தேடுபொறிகளுக்கு அது தமிழாகத் தெரியாது.

முதலில் குறியாக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

எழுத்துருவின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ‘தமிழ்’ என்ற சொல்லை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி வந்தால் பாமினி. முக்கால் என்ற பின்னக் குறி, சாய்கோடு ஏறிய பெரிய ‘ஏ’, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு ஏறிய சின்ன ‘யூ’ என்று நான்கு குறிகள் வந்தால் திஸ்கி. வேறு எதுவாக இருந்தாலும், மாற்றியில் ஒவ்வொரு குறியாக்கமாகத் தேர்ந்து ஒரே பத்தியைச் சோதியுங்கள். முக்கால்வாசி சரியாகவும் கால்வாசி பிசகாகவும் வந்தால் அது சரியான தேர்வு அல்ல, நெருங்கிய உறவினர். ஓர் எழுத்துக்கூடப் பிசகாத தேர்வு வரும்வரை நகர வேண்டாம்.

மாற்றுவதற்கு முன்

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். நகலைத் திறந்ததும் வேர்டின் தானியங்கித் திருத்தம் முழுவதையும் அணைத்துவிடுங்கள், குறிப்பாக வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரியதாக்கும் வசதியை. பாமினியில் சின்ன ‘எஃப்’ என்றால் க, பெரிய ‘எஃப்’ என்றால் கு. சின்ன ‘ஜே’ த, பெரிய ‘ஜே’ து. வேர்டு நல்லெண்ணத்தோடு முதல் எழுத்தைப் பெரியதாக்கினால் ‘கடல்’ குடலாகிறது, ‘தமிழ்’ துமிழாகிறது. தட்டச்சு செய்தபோதே இது நடந்திருக்கலாம். மாற்றிய பிறகு வாக்கிய முதற்சொற்களில் அநாவசியமான உகரம் தென்பட்டால் காரணம் இதுதான்.

கோப்பு பேஜ்மேக்கரில் இருந்தால் அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது; 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. டி.டி.பி. கடைகள் அதை விடாமல் வைத்திருந்ததும் பழைய எழுத்துருக்கள் இவ்வளவு நாள் உயிரோடிருக்க ஒரு காரணம். அத்தியாயம் அத்தியாயமாக உரையை மட்டும் ஏற்றுமதி செய்து வாங்குங்கள். பி.டி.எஃப். மட்டும் கையில் இருந்தால் அதிலிருந்து நகலெடுப்பதைவிடக் கடையில் மூலக் கோப்பைத் தேடச் சொல்வது வேலையைப் பாதியாக்கும்.

அடுத்தது ஆங்கிலப் பகுதிகள். மேற்கோள், நூற்பட்டியல், அடிக்குறிப்பு ஆகியவற்றில் வேறு எழுத்துருவில் ஆங்கிலம் இருக்கும். எளிய மாற்றிகள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை. எதிரில் வரும் ஆங்கில எழுத்தையெல்லாம் தமிழாக்கிவிடும். காற்புள்ளிக்கும் இதே கதி. பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. வேறு எழுத்துருவில் போட்ட காற்புள்ளி, மாற்றிய பின் ‘1இ500 ரூபா’ என்றும் ‘சேரர்இ சோழர்இ பாண்டியர்’ என்றும் நிற்கும். இணையத்தில் பழைய ஈழத்துக் கட்டுரைகள் பலவற்றில் இந்த ‘இ’யைக் காணலாம்.

ஆங்கிலம் கொஞ்சமாக இருந்தால் இப்படிச் செய்யலாம்: வேர்டின் ‘கண்டுபிடி, மாற்று’ பெட்டியில் தேடும் சொல்லை வெறுமையாக விட்டு, வடிவமைப்பில் ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் 7777 என்று மாற்றுங்கள். எண்கள் பாமினியில் எண்களாகவே இருக்கும். (7777 ஆய்வேட்டில் வேறெங்கும் இல்லை என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.) மாற்றி முடித்ததும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக நிரப்புங்கள். இருநூறு முந்நூறு இடம் என்றால் இது சரிப்படாது. கீழே சொல்லும் பைத்தான் நிரல் வழிதான்.

மாற்றுதல்

விண்டோஸில் என்.எச்.எம். கன்வர்ட்டர் இலவசம், பாமினி, திஸ்கி, டாம், டாப், வானவில் முதலியவற்றை அறியும். உலாவியிலேயே வேலை முடிய வேண்டுமென்றால் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம். இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறியாக்கங்கள் அதில் உண்டு.

பைத்தானில் வேர்டு கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, பாமினி எழுத்துருவில் உள்ள துண்டை மட்டும் மாற்றலாம். இங்கே மூன்று குழிகள். முதலாவது, வேர்டு ஒரே சொல்லைத் தன் வசதிக்காக இரண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். பழைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். கொம்பு ஒரு துண்டிலும் எழுத்து அடுத்த துண்டிலும் இருந்தால் இடமாற்றம் நடக்காது, அநாதைக் கொம்பு மிஞ்சும். ஆகவே ஒரே வடிவமைப்புள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு மாற்றுங்கள். இரண்டாவது, எழுத்துருப் பெயர் துண்டில் இல்லாமல் பத்தியின் பாணியில் இருக்கலாம்; அதையும் பார்க்காவிட்டால் முழுப் பத்திகள் மாறாமல் தப்பிவிடும். மூன்றாவது, யூனிகோடுத் தமிழுக்கு வேர்டு தன் எழுத்துருப் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தனிப் பகுதியைத்தான் பார்க்கும். எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் அங்கே குறிக்காவிட்டால், தலைப்பின் அளவை மாற்றினாலும் தமிழ் அசையாது.

பிழை வேட்டை

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. 300 பக்கத்துக்குச் சரிபார்ப்பு நான்கைந்து நாள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை லிப்ரே ஆஃபிஸில் திறந்து, தேடலில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ வசதியை (குறிப்பிட்ட சொல்லை அல்லாமல் எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடுவது) இயக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உடைந்த ஒகரங்கள். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கப்படலாம், ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலில் ஒன்று அகப்பட்டு மற்றது நழுவலாம். யூனிகோடு எண்ணில் சொன்னால் 3014-உம் 3006-உம் அடுத்தடுத்து வரும் இடத்தை 3018 ஆக்க வேண்டும்; 3015, 3006 சேர்ந்தால் 3019. பைத்தானின் யூனிகோடு நார்மலைசேஷன் இதை ஒரே வரியில் செய்துவிடும்.

அது முடிந்ததும் [ா-்][ா-்] என்று தேடுங்கள். இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து நிற்கும் இடமெல்லாம் பிழை. தமிழில் அதற்கு இடமே இல்லை. பிறகு, இடைவெளிக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ தொடங்கும் இடங்கள். இவற்றைத் திரையில் புள்ளி வட்டமே காட்டிக்கொடுக்கும்.

அதிகம் படுத்துவது ஔகாரம். பழைய எழுத்துருக்களில் பெரும்பாலானோர் கொம்பு, எழுத்து, ள என்று மூன்றாகத் தட்டிவிடுவார்கள். மாற்றியும் அதை அப்படியே ள என்ற எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ‘கௌரவம்’ கெளரவம் ஆகும், ‘மௌனம்’ மெளனம், ‘பௌத்தம்’ பெளத்தம், ‘ஔவையார்’ ஒளவையார். கண் ஏமாறும், தேடுபொறி ஏமாறாது. நார்மலைசேஷன் இதைத் தொடாது, ஏனென்றால் ள உண்மையான வேறு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு ‘ெள’ எல்லாவற்றையும் மாற்றினால் வெள்ளமும் தெளிவும் நாசம். ‘[ெஒ]ள[க-ஹ]’ என்று தேடுங்கள்: ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ இல்லாமல் நேரே இன்னோர் எழுத்து வரும் இடங்கள் மட்டும் அகப்படும். அவற்றில் பெரும்பாலானவை ஔகாரப் பிழைகள்தாம். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். வட்டார நாவல்களை ஆய்ந்த ஏட்டில் ‘வெளக்கு’, ‘மெளகா’ என்று பேச்சு வழக்கு மேற்கோள்கள் இருக்கும். தானாக மாற்ற விட்டால் அவை வௌக்கும் மௌகாவும் ஆகும்.

இதற்குப் பிறகுதான் வாணி போன்ற எழுத்துப் பிழைத்திருத்தி. முன்னதாக ஓட்டினால் மூன்று சொல்லுக்கு ஒரு சிவப்புக் கோடு விழும், எதையும் பார்க்க மாட்டீர்கள்.

நூற்பட்டியலை மறுபடி அகரவரிசைப்படுத்துவது கட்டாயம். யூனிகோடு எண் வரிசையில் ‘ஜ’ ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது, ‘ன’ ந-வை ஒட்டி வருகிறது, ‘க்’ கௌ-வுக்கும் பின்னால் போகிறது. அகராதி வரிசை அதுவல்ல. லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் பட்டியலை ஒட்டி, வரிசைப்படுத்தும்போது விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் ஒழுங்காக வரும்.

பி.டி.எஃப். ஆக்கும்போது

யூனிகோடு எழுத்துரு போட்டும் பி.டி.எஃப்.-இல் தமிழ் கெடலாம். பி.டி.எஃப். எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்குவதால், நகலெடுத்தால் கொம்பு மறுபடி முன்னால் வந்து நிற்கும். அச்சிடு வழியாகப் போகாமல் வேர்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ நேரடியாக ஏற்றுமதி செய்யுங்கள். ‘டேக்’ சேர்க்கும் விருப்பத்தை இயக்குங்கள். நிர்மலா, லதா, நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கோப்பிலேயே பதியுங்கள். பிறகு கொ, கோ, கை, கௌ, ஸ்ரீ எல்லாம் வரும் ஒரு பத்தியைப் பி.டி.எஃப்.-இலிருந்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பிசகினால் வேறு மென்பொருளில் ஏற்றுமதி செய்து பாருங்கள். ஒப்புமைச் சோதனைக்கு, நூலகம் ஏற்குமானால், வேர்டு கோப்பையே கொடுங்கள்.

தட்டச்சர் ‘எனக்குப் பழைய விசைதான் வரும்’ என்று சொன்னால் அதற்காக பாமினிக்குத் திரும்ப வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டரில் பழைய தட்டச்சு, பாமினி இரண்டு விசை அமைப்பும் உண்டு. விரல் பழகிய இடத்தில்தான் தட்டும்; கோப்பில் விழுவது யூனிகோடு.